தேர்வுக்குத் தமிழ், சண்டைக்கு ஆங்கிலம்

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்குச் சிங்கப்பூரைச் சுற்றிக் காட்டுவதில் ஒரு சிரமம் உண்டு. பத்தடிக்கு ஒருதரம் நின்றுவிடுவார்கள். எங்காவது தமிழ் எழுத்து கண்ணில் பட்டிருக்கும். கட்டட வேலை நடக்கும் இடத்து வேலியில் 'ஆபத்து' என்று ஒரு பலகை, எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நான்கு மொழி அறிவிப்பு, டாலர் நோட்டில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் அச்சு. உடனே கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். மன்னார்குடிப் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் சித்தப்பா, இந்த நாட்டு நாடாளுமன்றத்தில் உறுப்பினர் எழுந்து தமிழில் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பார்கள் என்று நான் சொன்னதும் நடைபாதையிலேயே நின்றுவிட்டார். "தமிழுக்கு இதைவிட மரியாதை வேற எந்த நாட்டுலம்மா இருக்கு?" என்றார்.

மரியாதைக்குக் குறைச்சல் இல்லைதான். நான் இங்கே வாக்கப்பட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுப்பது என் பிழைப்பு. செங்காங், பொங்கோல், உட்லண்ட்ஸ் என்று வீடு வீடாகப் போகிறேன். பெரும்பாலும் வீவக வீடுகள். வீட்டு வசதி வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளை இங்கே அப்படித்தான் சுருக்கிச் சொல்வோம். கதவு திறந்ததும் காதில் விழுவது ஆங்கிலம். அம்மா பிள்ளையிடம், பிள்ளை அப்பாவிடம், அப்பா பணிப்பெண்ணிடம், எல்லாம் ஆங்கிலம். நான் செருப்பைக் கழற்றும்போது அந்த வீட்டில் தமிழ் ஆரம்பிக்கும். மாட்டும்போது முடிந்துவிடும்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பையன் தொடக்கநிலை 5, தங்கை தொடக்கநிலை 2. அடுத்த வருஷம் அவனுக்கு பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. ஆங்கிலம், கணக்கு, அறிவியல், தாய்மொழி என்று நான்கே பாடம். நான்கில் ஒன்று தமிழ் என்பதால் டியூஷனுக்குச் செலவழிக்க யாரும் யோசிப்பதில்லை. வாய்மொழித் தேர்வில் ஒரு சின்னக் காணொளியைப் போட்டுக் காட்டி அதைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். நானும் அதே மாதிரி ஒன்றைப் போட்டேன். ஒரு பாட்டி காய்கறிப் பையைத் தூக்க முடியாமல் மின்தூக்கிக்கு முன்னால் நிற்கிறார். பையன் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினான். "இக்காணொளியில் நான் ஒரு மூதாட்டியைக் காண்கிறேன். அவர் மிகவும் சோர்வுற்ற நிலையில் காணப்படுகிறார். நாம் முதியோர்களுக்கு உதவி புரிய வேண்டும். ஏனெனில் அவர்கள் நம் சமுதாயத்தின் தூண்கள்." ஒரு தடுமாற்றம் இல்லை. அந்த நேரம் பார்த்துத் தங்கை வந்து அவனுடைய அழிப்பானை எடுத்துக்கொண்டு ஓடினாள். "ஏய், கிவ் பேக் லா! மம்மி, ஷீ டுக் மை இரேசர் அகெய்ன்!" அவளும் சளைக்காமல் ஆங்கிலத்திலேயே திருப்பிக் கொடுத்தாள். அந்தச் சண்டையில் இருந்த வேகம், கேலி, பொய், கெஞ்சல் எதுவும் அதற்கு முன்னால் அவன் பேசிய தமிழில் இல்லை.

"இதையே தமிழ்ல சொல்லு பார்ப்போம்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "தயவுசெய்து என் அழிப்பானைத் திருப்பித் தருக" என்றான். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

ஒரு மொழி வீட்டைவிட்டுக் கிளம்புகிறதா என்று பார்க்க நான் கவனிப்பது இதைத்தான்: அண்ணனும் தங்கையும் எந்த மொழியில் சண்டை போடுகிறார்கள்? அப்பா அம்மாவிடம் தமிழ் பேசும் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். பாட்டி வீட்டில் இருந்தால் பேசியே ஆக வேண்டும். ஆனால் பிள்ளைகள் மட்டும் தனியாக இருக்கும்போது வாயில் எது வருகிறதோ, அதில்தான் நாளைக்கு அவர்கள் குடித்தனம் நடத்தப்போகிறார்கள். என் வீட்டில் எப்படி என்று கேட்பீர்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் என்னிடம் தமிழ் பேசுவார்கள். அவர்களுக்குள் ஆங்கிலம். டியூஷன் டீச்சர் வீட்டுக்குத் தனிச்சலுகை ஒன்றும் கிடையாது.

மற்ற நாடுகளில் ஆங்கிலம் பரவிய கதையைப் படித்தால் அதில் பிரம்பும் தண்டனையும் இருக்கும். வேல்ஸில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பள்ளிகளில் தாய்மொழியில் பேசிய பிள்ளையின் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். நியூசிலாந்தில் மாவோரி பேசியதற்காக அடி வாங்கியவர்கள் உண்டு. சிங்கப்பூரில் தமிழ் பேசினாய் என்று யாரும் யாரையும் அடிக்கவில்லை. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் அதிகாரபூர்வ மொழிகள். மலாய்க்குத் தேசிய மொழி என்ற கூடுதல் பட்டமும் உண்டு. இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் இப்படி ஆகியிருக்கிறது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதத் தோன்றியது.

1965இல் மலேசியாவிலிருந்து பிரிந்தபோது இந்தத் தீவுக்குத் துறைமுகத்தைத் தவிரச் சொல்லிக்கொள்ளப் பெரிய சொத்து இல்லை. பிரிட்டிஷ் படைத்தளங்களை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். அந்தப் படையும் 1971இல் கிளம்பியது. வெளிநாட்டு நிறுவனங்களைக் கூப்பிட்டு ஆலை வைக்கச் சொல்வதுதான் வழி என்று அரசு முடிவுசெய்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் மாதிரி அமெரிக்க நிறுவனங்கள் வந்தன. மேலாளர் பேசுவது ஆங்கிலம், இயந்திரத்தோடு வரும் கையேடு ஆங்கிலம்.

அப்போது நான்கு மொழிகளிலும் தனித்தனிப் பள்ளிகள் இருந்தன. எதில் சேர்ப்பது என்பது பெற்றவர்கள் இஷ்டம். அவர்கள் கணக்குப் போட்டார்கள். ஆங்கிலப் பள்ளியில் படித்த பையனுக்குக் கிடைக்கும் வேலை மற்றப் பள்ளியில் படித்தவனுக்குக் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் சம்பளம் குறைவு. வருஷத்துக்கு வருஷம் ஆங்கிலப் பள்ளியில் கூட்டம் ஏறியது. 1980களின் தொடக்கத்தில் முதலாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோருமே அங்கேதான் போனார்கள். 1987இல் எல்லாப் பள்ளியிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று ஆனது, ஆள் காலிசெய்துவிட்டுப் போன வீட்டுக்குப் பூட்டுப் போட்ட மாதிரிதான்.

தமிழ்ப் பள்ளிகள் அதற்கு முன்பே போய்விட்டன. கடையநல்லூரிலிருந்து வந்த முஸ்லிம்கள் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் 1946இல் ஒரு பள்ளி தொடங்கினார்கள். உமறுப்புலவர் பெயரில் அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. 1982இல் மூடிவிட்டார்கள். அந்தப் பெயர் இப்போது உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையமாக நிற்கிறது. தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத பிள்ளைகள் பள்ளி முடிந்து அங்கே போய்ப் படிக்கிறார்கள்.

சீனர்களுக்கும் இதே கதைதான், தொகை மட்டும் பெரிது. சீனமொழியில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1950களில் ஊரே காசு போட்டது. ரப்பர் முதலாளி டான் லார்க் சாய் தலைமையில் பணக்காரர்கள் லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். டிரைஷா மிதித்தவர்கள் ஒரு நாள் வருமானத்தை அப்படியே கொடுத்தார்கள். அப்படி எழுந்த நன்யாங் பல்கலைக்கழகத்தை 1980இல் ஆங்கிலவழிப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே பட்டம் வாங்கிய ஒரு பெரியவர் எனக்குப் பழக்கம். இன்றும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

தமிழ்ப் பக்கம் கோ. சாரங்கபாணியைச் சொல்ல வேண்டும். திருவாரூர்க்காரர். 1924இல் சிங்கப்பூருக்கு வந்தார், 1935இல் தமிழ் முரசு பத்திரிகையைத் தொடங்கினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியத் துறை என்று ஒன்று வந்தால் அதில் தமிழுக்கு முதலிடம் வேண்டும் என்று போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயர் வைத்து, கூலி வேலை செய்தவர்களிடம்கூடச் சிறுகச் சிறுக நிதி திரட்டினார். தமிழ் முரசு இன்றைக்கும் நாளிதழாக வந்துகொண்டிருக்கிறது. நம் சொந்தக்காரர்கள் படமெடுக்கிறார்களே, அந்தப் பலகைத் தமிழ் அவரும் அவர் தலைமுறையும் வாங்கிக் கொடுத்தது. பலகைக்கும் பாடத்துக்கும் நிதி திரட்டலாம், மனுக் கொடுக்கலாம். சாப்பாட்டு மேசையில் பிள்ளை என்ன பேச வேண்டும் என்பதற்கு யாரிடம் மனுக் கொடுப்பது?

எங்கள் மாடியில் எதிர்வீட்டில் ஒரு சீனப் பாட்டி இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். ஹொக்கியனும் கொஞ்சம் சந்தை மலாயும் தெரியும், அவ்வளவுதான். நானும் அவரும் பேசிக்கொள்வது அந்த மலாயில். பேத்தி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஆங்கிலம் நன்றாகவும் மாண்டரின் சுமாராகவும் பேசுவாள், ஹொக்கியன் தெரியாது. பாட்டி ஆரஞ்சை உரித்து நீட்டுவார், பேத்தி "தேங்க்யூ ஆ மா" என்பாள் (ஆ மா என்றால் பாட்டி), அதோடு சரி. ஒருதரம் பாட்டிக்குத் தலை சுற்றிப் பலதுறை மருந்தகத்துக்குப் போனபோது, எப்போதிலிருந்து சுற்றுகிறது என்று பேத்தியால் கேட்க முடியவில்லை. நான் மலாயில் கேட்டுப் பேத்தியிடம் ஆங்கிலத்தில் சொல்ல, அவள் மருத்துவரிடம் சொன்னாள். ஒரே வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் மன்னார்குடிக்காரி துபாஷி.

இது ஆங்கிலம் நேரடியாகச் செய்த வேலை இல்லை. இங்குள்ள சீனர்கள் ஹொக்கியன், டியோச்சியூ, கேண்டனீஸ், ஹக்கா, ஹைனனீஸ் என்று பலவகை. மாண்டரின் அவர்கள் வீட்டுமொழியாக இருந்ததே இல்லை. வீட்டில் ஹொக்கியன், பள்ளியில் ஆங்கிலமும் மாண்டரினும் என்று மூன்றைச் சுமந்ததில் பிள்ளைகள் தோற்றுப்போகிறார்கள் என்று கோ கெங் சுவீ தலைமையில் வந்த கல்வி அறிக்கை சொன்னது. 1979 செப்டம்பரில் பிரதமர் லீ குவான் யூ 'மாண்டரின் பேசுவோம்' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1961இல் ஒரு இடைத்தேர்தல் சமயத்தில், மக்களிடம் பேச வேண்டும் என்பதற்காக முனைந்து ஹொக்கியன் கற்றவர் அவர். 1979க்குப் பிறகு மேடையில் அதைப் பேசுவதை நிறுத்திவிட்டார்.

மேடையில் போனது தொலைக்காட்சியிலும் போயிற்று. ஹாங்காங்கிலிருந்து வரும் கேண்டனீஸ் தொடர்களுக்கு மாண்டரின் குரல் கொடுத்தார்கள். ரெடிஃபியூஷன் வானொலியில் கேண்டனீஸில் கதை சொல்லிப் பெயர் வாங்கியிருந்த லீ டாய் சோரின் நிகழ்ச்சியும் நின்றது. தமிழர்கள் தேக்கா என்று சொல்லும் சந்தை இருக்கிறதே, அது ஹொக்கியன் பெயர். புதுக் கட்டடம் 1982இல் திறந்தபோது மாண்டரின் உச்சரிப்பில் 'ஜூஜியாவ்' என்று பலகை வைத்தார்கள். சீனர்கள் வாயிலேயே அது நுழையவில்லை. மீன் விற்பவர், பூ கட்டும் அக்கா, வாழையிலை வாங்க வரும் செட்டியார் என்று எல்லோரும் தேக்கா என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2000இல் பழைய பெயரையே திரும்ப எழுதினார்கள். எனக்குத் தெரிந்து ஹொக்கியன் ஜெயித்த ஒரே வழக்கு அதுதான்.

1980இல் பத்து வீட்டில் ஆறு வீடு சீன வட்டாரமொழி பேசியது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதை அதிகம் பேசுபவர்கள் 8.7 சதவீதம். சரி, மாண்டரின் வென்றதா என்றால் அதுவும் இல்லை. 2010இல் 35.6 சதவீதமாக இருந்தது 2020இல் 29.9 ஆனது. ஆங்கிலம் 2000இல் 23, 2010இல் 32.3, 2020இல் 48.3. ஹொக்கியனைத் துரத்திவிட்டு மாண்டரின் பிடித்த இடத்தில் இப்போது ஆங்கிலம் உட்கார்ந்திருக்கிறது. தமிழ் அந்தப் பத்து வருஷத்தில் 3.3இலிருந்து 2.5க்கு இறங்கியது. இந்தியர்களில் ஏறக்குறைய 59 சதவீதம் பேர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம்தான் என்றார்கள். மலாய்க்காரர்கள் மொழியை விடாதவர்கள் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். அவர்களிலும் ஆங்கிலம் 17இலிருந்து 39 சதவீதத்துக்கு ஏறியிருக்கிறது.

இதற்கு வீடமைப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. இங்கே பத்தில் எட்டுப் பேர் வீவக வீடுகளில் இருக்கிறார்கள். ஒரே இனத்தார் ஒரே இடத்தில் குவிந்துவிடக் கூடாது என்று 1989இல் ஒரு விதி வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை சதவீதம்தான் இருக்கலாம் என்று வரம்பு. நல்ல நோக்கம்தான். 1964இல் இனக்கலவரம் பார்த்த ஊர் இது. இன்று என் மாடியில் ஹொக்கியன் பாட்டியும் நானும் ஜாவானிய மலாய்க் குடும்பமும் ஒருவர் வீட்டுப் பலகாரத்தை ஒருவர் வாங்கிச் சாப்பிடுகிறோம் என்றால் அதில் அந்த விதிக்கும் பங்கு உண்டு. ஆனால் தமிழ்ப் பிள்ளை கீழே பந்து விளையாட இறங்கினால் கூட விளையாட இன்னொரு தமிழ்ப் பிள்ளை கிடைப்பது அரிது. பந்தைப் போடு என்பதற்கும் அவுட் என்பதற்கும் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது ஆங்கிலம். அந்தப் பொதுமொழியைத்தான் பிள்ளை மின்தூக்கியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருகிறது.

தஞ்சாவூரில் என் தங்கை பிள்ளைகளும் ஆங்கிலவழிப் பள்ளிதான். பால்காரர், ஆட்டோக்காரர், பக்கத்து வீட்டுப் பையன், கோயில் வாசல் பூக்கடை என்று தெருவே அவர்களுக்கு இலவசமாகத் தமிழ் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. இங்கே அந்தத் தெரு இல்லை. தெருவின் வேலையையும் பள்ளிக்கூடமே செய்ய வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடமோ நெடுநாள் அந்த வேலையைத் தன் வேலையாக நினைக்கவே இல்லை.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தமிழில் எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்று நமக்குத் தெரியும். ஊரில் பிள்ளைக்குப் பேசும் தமிழ் வீட்டிலேயே வந்துவிடுகிறது. பள்ளியில் எழுதும் தமிழைக் கற்றால் போதும். சிங்கப்பூரிலும் அதே வழக்கத்தில் வகுப்பில் எழுத்துத் தமிழை மட்டும் நடத்தினார்கள். வாய் திறந்து பேசும்போதும் இலக்கணமாகப் பேச வேண்டும். 'வந்தேன்' சரி, 'வந்தேங்க' தப்பு. வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைக்கு, உலகத்தில் எந்தத் தமிழ்க் குடும்பமும் சாப்பிடும்போது பேசாத ஒரு தமிழ் மட்டும் தெரியும். தேக்காவில் ஒரு மாணவி கடைக்காரரிடம், "ஐயா, இதன் விலை என்ன?" என்று கேட்க, அவர் நாடகத்தில் நடிக்கிறியா பாப்பா என்று சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் கடைகளில் ஆங்கிலத்தில்தான் கேட்கிறாள்.

2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, பேச்சுத்தமிழையும் வகுப்பில் புழங்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கொச்சையைப் பள்ளிக்குள் விடுவதா என்று கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கோபம் புரிகிறது, ஒப்புக்கொள்ள முடியவில்லை. மொழியைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறோம் என்று கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, பிள்ளைகள் ஏன் எடுத்து விளையாடவில்லை என்று கேட்டால் எப்படி? வகுப்பறை இப்போது எவ்வளவோ மாறியிருக்கிறது. கதை சொல்கிறார்கள், நாடகம் போடுகிறார்கள், ஏப்ரல் மாதம் முழுக்கத் தமிழ்மொழி விழா நடக்கிறது. ஆனாலும் எழுத்துத் தேர்வு வரும்போது எல்லோருக்கும் பழைய பயம் வந்துவிடுகிறது. 'சமுதாயத்தின் தூண்கள்' மாதிரி வாக்கியங்களை மனப்பாடம் செய்துதான் போகிறார்கள். எழுதிக் கொடுப்பதும் நானேதான். அதற்குத்தான் பணம் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சொல்லாமல் விட்டாலும் சரியாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் சாலைப் பக்கம் போனால் ஊரில் நடக்கிற மாதிரி இருக்கும். புதுக்கோட்டை, சிவகங்கை, பட்டுக்கோட்டை இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக நின்று, கட்டட வேலைக் களைப்பெல்லாம் தீர உரக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். சிங்கப்பூரில் தமிழ் முழு உயிரோடு, கேலியும் கெட்ட வார்த்தையுமாகப் புழங்குவது அங்கேதான். நம் மாணவர்கள் அந்தப் பக்கம் அப்பா அம்மாவோடு காரில் வந்து தோசை சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். உயர்நிலை 2 படிக்கும் ஒரு பெண் என்னைக் கேட்டாள்: "சேர், பஸ்ல தமிழ் பேசினா வொர்க்கர்னு நினைப்பாங்களா?" டீச்சர் என்பது பிள்ளைகள் வாயில் தேய்ந்து 'சேர்' ஆகிவிட்டது. நினைத்தால் என்ன என்று திருப்பிக் கேட்டேன். பதில் இல்லை. ஆங்கிலம் அவளுக்குச் சம்பளத்தை மட்டும் தரவில்லை, எந்த வரிசையில் நிற்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறது. பதிமூன்று பதினான்கு வயதில் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே தெரியும்.

ஆங்கிலம் வேண்டாம் என்று இங்கே எந்தத் தமிழ்க் குடும்பத்திடமும் போய்ச் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன். சீனர், மலாய்க்காரர், தமிழர் மூவரில் யாருக்கும் சொந்தமில்லாத மொழி என்பதால்தான் அதைப் பொதுவாக வைத்தார்கள். பெரும்பான்மையினரின் சீனத்தைப் பொதுமொழியாக்கியிருந்தால் சிறுபான்மையான நம் பிள்ளைகள் பாடு என்ன ஆகியிருக்கும்? இன்று அமைச்சர்களாகவும் நீதிபதிகளாகவும் தமிழர்கள் இருப்பதற்கு அந்த முடிவும் ஒரு காரணம். யாருக்கும் சொந்தமில்லை என்று நடுக்கூடத்தில் வைத்தது இப்போது பாதி வீடுகளுக்குச் சொந்தமாகிவிட்டது என்பதுதான் அன்றைக்கு யாரும் போடாத கணக்கு. அதுவும் லண்டன் ஆங்கிலம் இல்லை. விரட்டப்பட்ட ஹொக்கியனும் சந்தை மலாயும் கொஞ்சம் தமிழும் அதற்குள் புகுந்திருக்கின்றன. 'நல்ல ஆங்கிலம் பேசுவோம்' என்று அரசு 2000இல் அதற்கும் ஓர் இயக்கம் நடத்தியது. பிள்ளைகள் கேட்கவில்லை. தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தங்களுக்கென்று ஒரு மொழி செய்துகொண்டுவிட்டார்கள். அந்தச் சாமர்த்தியத்தை என்னால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

தமிழ் தங்கும் வீடுகளும் இல்லாமல் இல்லை. என் அனுபவத்தில் அவற்றுக்குப் பொதுவாக இருப்பது தமிழ்ப்பற்று இல்லை. ஆங்கிலம் வராத பாட்டி கூடவே இருப்பார், அல்லது பணிப்பெண் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவராக இருப்பார். அல்லது பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் வாராவாரம் ஒரு வீட்டில் கூடுவார்கள், அதில் ஒரு பிள்ளை அப்போதுதான் இந்தியாவிலிருந்து வந்திருக்கும். அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகம் வைத்து, பிள்ளைக்குச் சங்ககாலப் பெயர் வைத்து, மேடையில் முழங்கும் சில வீடுகளில் பிள்ளை என்னிடம் "வாங்க" என்று சொல்லக்கூடத் தயங்குகிறது.

இந்த வருஷம் ஒரு புது ஏற்பாடு செய்திருக்கிறேன். வகுப்பின் கடைசி அரைமணி நேரம் பயிற்சிப் புத்தகத்தை மூடிவிட்டு விளையாட்டு. ஊனோ சீட்டு, கேரம், பல்லாங்குழி எதுவானாலும் சரி. வீட்டில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் உட்கார வேண்டும். தமிழில்தான் ஏமாற்ற வேண்டும், தமிழில்தான் திட்ட வேண்டும். திட்டு வார்த்தையை நானே சொல்லிக் கொடுக்கிறேன். எருமை, தடிமாடு, புளுகுமூட்டை, அழுகுணி. இதைப் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

ஓர் அம்மாவுக்கு இதில் திருப்தி இல்லை. மகள் தொடக்கநிலை 6, ஆகஸ்டில் வாய்மொழித் தேர்வு. "டீச்சர், அழுகுணின்னெல்லாம் எக்ஸாம்ல சொல்ல முடியாதே. அந்த அரைமணி நேரத்துல ஒரு கருத்தறிதல் செஞ்சா நல்லதுல்ல?" என்று வாராவாரம் கேட்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். மார்க் கூடும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, இந்தத் தவணை போகட்டும் பார்ப்போம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அவர் மகளோ கள்ளாட்டம் ஆடுவதில் கெட்டிக்காரியாகிவிட்டாள். போன சனிக்கிழமை இரண்டு சீட்டைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, தம்பி கையும் களவுமாகப் பிடித்த பிறகும் அசராமல், "நான் எடுக்கவே இல்ல சேர், சாமி சத்தியமா! இந்தத் தடிமாடுதான் அங்க வச்சான்" என்றாள்.